ஸ்லக்கிங் செட்டப் ஒன்று: படுக்கையும் குழாயும் ஒரே சட்டத்தில், வாங்கலாமா?

ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டு செங்குத்து அக்ரிலிக் குழாய்கள், இரண்டுக்கும் உள்விட்டம் 5 செ.மீ. ஒன்றில் மணல் (அதைத்தான் படுக்கை என்பார்கள்), அடியிலிருந்து காற்று. இன்னொன்றில் தண்ணீர், அதற்கும் அடியிலிருந்து காற்று. பக்கத்தில் 3 மீட்டர் நீளத்துக்குப் படுக்கைவாட்டில் ஒரு குழாய், அதன் முனையில் மேலே ஏறிப் போகிற நெகிழ் ஹோஸ். கூடவே ஒரு பம்ப், இரண்டு ரோட்டாமீட்டர் (மிதவை எழும் உயரத்தை வைத்துப் பாய்வை அளப்பது), அழுத்த சென்சார், கணினியில் போட ஒரு மென்பொருள். ஆய்வகங்களுக்கென்று செய்து விற்கிற செட்டப் இது. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி அமைப்பைப் பலரும் செய்கிறார்கள், நான் சொல்கிற குறைகள் அவர்களுடையதிலும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் இதை ஃப்ளூயிடைசேஷன் கருவி என்கிறார்கள் (அடியிலிருந்து விடும் காற்று மணலைத் தூக்கித் திரவம் போல நடந்துகொள்ள வைப்பதுதான் ஃப்ளூயிடைசேஷன்), அது பாதி உண்மை. இது ஸ்லக்கிங், அதாவது குழாயையே அடைக்கும் அளவு பெரிய குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைக் காட்டுகிற கருவி. அப்படி நினைத்து வாங்கினால் கொடுத்த காசுக்குப் பழுதில்லை. சீராகக் குமிழ்விடும் படுக்கையைப் பார்க்கலாம், அதில் வெப்பப் பரிமாற்றம் அளக்கலாம், வினையியக்கம் அளக்கலாம் என்ற ஆசையில் வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

காரணம் அந்த 5 செ.மீ. மணல் படுக்கையில் காற்றுக் குமிழ்கள் மேலே போகப் போக ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கும். அகலமான படுக்கையில் அவை எவ்வளவு பெருத்தாலும் சுவரைப் பற்றிக் கவலையில்லை. ஒடுங்கிய குழாயில் குமிழின் விட்டம் குழாய் விட்டத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தொட்டதுமே சுவர் அதன் வேகத்தை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் அது குமிழ் இல்லை, குழாயை அடைத்துக்கொண்டு ஏறுகிற ஸ்லக். படுக்கையின் மேற்பரப்பு மெதுவாக உயர்ந்து, திடீரென்று சரிந்து, மறுபடி உயர்கிறது. பார்க்க அழகாக இருக்கும், முதல் நாள் யாரும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். ஆனால் இங்கே காற்றும் மணலும் தொட்டுக்கொள்கிற விதம் பெரிய உலையில் நடப்பதிலிருந்து வேறு. இந்த வகைக் குழாயில் எடுத்த மாற்று வீதத்தை (வினையில் எவ்வளவு பொருள் மாறியது என்ற கணக்கை) வைத்துக்கொண்டு பெரிய உலை வடிவமைக்கக் கிளம்புவது ஆபத்தான வேலை.

கணக்கு போட்டுப் பார்ப்போம், எளிதுதான். கூடவே தருகிற மணல் சுமார் 0.2 மி.மீ. வென், யூ 1966-இல் கொடுத்த சமன்பாட்டில் போட்டால் குறைந்தபட்ச ஃப்ளூயிடைசேஷன் வேகம் வினாடிக்கு சுமார் 3.5 செ.மீ. இந்தக் குழாயில் அது நிமிடத்துக்கு 4 லிட்டர் காற்று. ஸ்லக்கிங் எப்போது தொடங்கும் என்பதற்கு ஸ்டூவர்ட்டும் டேவிட்சனும் 1967-இல் சொன்ன அளவுகோல் இன்றைக்கும் கைகொடுக்கிறது: அந்தக் குறைந்தபட்ச வேகத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் காற்று போகிறதோ, அது ஈர்ப்பு முடுக்கத்தையும் குழாய் விட்டத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தில் 0.07 பங்கைத் தாண்டினால் போதும். 5 செ.மீ. குழாய்க்கு அந்த வர்க்கமூலம் வினாடிக்கு 0.70 மீட்டர், அதில் 0.07 பங்கு வினாடிக்கு 4.9 செ.மீ. ஆக நிமிடத்துக்கு 10 லிட்டருக்கே ஸ்லக் வந்துவிட வேண்டும். இது ஆழமான படுக்கைக்கு. 30 செ.மீ. உயரத்துக்கு மட்டும் மணல் நிரப்பினால் குமிழ்கள் பெருக்க இடம் போதாது, பேயன்ஸ், கெல்டார்ட் இருவரும் 1974-இல் சேர்த்த திருத்தத்தின்படி இன்னும் ஏறத்தாழ 4 செ.மீ. வேகம் தேவை, அதாவது நிமிடத்துக்கு 14 அல்லது 15 லிட்டர். செட்டப்பில் பார்த்தால் அதே பக்கம்தான் தொடங்குகிறது. இந்த விஷயத்தில் கருவி சொன்ன பேச்சைக் கேட்கிறது.

இப்போது ரோட்டாமீட்டரைப் பாருங்கள். 0 முதல் 50 லிட்டர் வரை அளவு. ஃப்ளூயிடைசேஷன் தொடங்குகிற 4 லிட்டர் அடிமட்டத்தில், மிதவை சரியாகக்கூட எழாத இடத்தில் கிடக்கிறது. அழுத்த இழப்புக்கும் வேகத்துக்கும் வரைபடம் போட்டு, ஃப்ளூயிடைசேஷன் தொடங்கும் இடத்தில் வருகிற முழங்கை வளைவைக் கண்டுபிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் பயிற்சி, அதற்கே இதில் வழியில்லை. மேல்பக்கமும் இதே கதை. ஸ்லக்கிங் படுக்கை எவ்வளவு உயரும் என்பதற்கு ஒரு எளிய வாய்பாடு உண்டு: கூடுதல் காற்று வேகத்தைத் தனி ஸ்லக்கின் ஏறு வேகத்தால் வகுத்து 1 சேர்த்தால், படுக்கை தன் உயரத்தைப் போல எத்தனை மடங்கு வரை எழும் என்று தெரிந்துவிடும். இந்தக் குழாயில் தனி ஸ்லக்கின் வேகம் வினாடிக்கு சுமார் 24.5 செ.மீ. அடியில் காற்று நுழைகிற தட்டுக்கு மேலே குழாயின் உயரம் வெறும் 60 செ.மீ. அப்படியானால் 30 செ.மீ. படுக்கை நிமிடத்துக்கு 33 லிட்டரிலேயே வாய்விளிம்பைத் தொடுகிறது. அதற்கு மேல் காற்றைத் திறந்தால் மணல் மேல் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக 50 லிட்டர் அளவுகோலில் கீழே பத்தில் ஒரு பங்கும் மேலே மூன்றில் ஒரு பங்கும் வெறும் அலங்காரம். 0 முதல் 10 லிட்டருக்கு ஒரு சின்ன ரோட்டாமீட்டரைப் பக்கவாட்டில் சேர்த்துக் கொடுத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்? குழாயும் 1 மீட்டராவது இருந்திருக்க வேண்டும்.

ரோட்டாமீட்டர் பற்றி இன்னொன்று, இது இன்னும் எரிச்சலானது. ஊசி வால்வை ரோட்டாமீட்டருக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அதனால் மிதவை இருக்கிற இடம் படுக்கையின் அழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு ஸ்லக் வெடிக்கும்போதும் மிதவை துள்ளுகிறது, எந்தக் கோட்டைப் படிப்பது என்று மாணவர்கள் தலையைச் சொறிகிறார்கள். வால்வை வெளிவாயில் பக்கம் மாற்றி, உள்ளே ரெகுலேட்டர் வழியாக நிலையான அழுத்தம் கொடுத்தோம், மிதவை அடங்கிவிட்டது. அரை மணி நேர வேலை. செய்து விற்பவர் இதைச் செய்யாததற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. (அந்தச் சமயத்தில் ஒரு பாதுகாப்பு வால்வும் சேர்த்துக்கொள்ளுங்கள், இதில் இல்லை. அக்ரிலிக் குழாய் அழுத்தம் தாங்காது.)

காற்றுப் பகிர்வுத் தட்டு. துளையிட்ட தகடு, மேலே ஒரு கம்பி வலை. தட்டில் ஏற்படுகிற அழுத்த இழப்பு படுக்கையின் இழப்பில் 20 முதல் 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் பிடித்துக்கொள்கிற பழைய கணக்கு. 30 செ.மீ. மணலுக்கு இழப்பு சுமார் 4.4 கிலோபாஸ்கல். இந்தத் தட்டு அதற்குக் கிட்டேகூட வரவில்லை. விளைவு, எந்தப் பக்கம் மணல் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதோ அந்தப் பக்கமே காற்று ஓடுகிறது, ஸ்லக்குகள் நடுவில் வராமல் ஒரு சுவரை உரசிக்கொண்டே ஏறுகின்றன. இது மணலின் குணமா தட்டின் குணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நுண்துளை வெண்கலத் தட்டு ஒன்றை வெட்டிப் போட்டதும் நடுவில் ஏறுகிற, வட்டத் தலை உள்ள ஸ்லக்குகள் ஒழுங்காக வந்தன.

ஸ்லக்கில் மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் இந்தக் குழாயில் பார்க்க முடிவது உண்மையிலேயே பெரிய விஷயம். நுண்மணலில் வட்டத் தலையோடு நடுவில் ஏறுவது ஒன்று, அதைச் சுற்றிச் சுவரோரமாக மணல் வழுக்கி இறங்கும். கரடுமுரடான துகளோ சொரசொரப்பான சுவரோ இருந்தால் ஒரு பக்கமாக ஒட்டி ஏறுவது இன்னொன்று. மூன்றாவது தட்டைத் தலை உள்ளது. கூடவே தருகிற 2 மி.மீ. பிளாஸ்டிக் மணிகளைப் போட்டால் தெரியும், படுக்கையின் ஒரு துண்டு அப்படியே பிஸ்டன் மாதிரி மேலே போகிறது, அதன் அடியிலிருந்து மணிகள் மழையாகக் கொட்டுகின்றன. கெல்டார்ட் 1973-இல் துகள்களை, காற்றில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை வைத்து ஏ, பி, சி, டி என்று பிரித்தாரே, அந்தப் பிரிவுக்கு என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு மணலையும் இந்த மணிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் மணிகளில் ஒரு தொல்லை, நிலைமின்னூட்டம். காய்ந்த காற்றில் கொஞ்ச நேரம் ஓடினதும் மணிகள் அக்ரிலிக் சுவரில் அப்பிக்கொள்ளும், ஸ்லக்கின் வடிவமே மாறிவிடும். காற்றைத் தண்ணீர்க் குடுவை வழியாக விட்டு ஈரமாக்கினால் சரியாகிறது. சுவரைத் துடைக்க ஆல்கஹால் போடாதீர்கள், அக்ரிலிக்கில் நுண்விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும்.

அடுத்து அழுத்த சென்சார். இதற்குத்தான் மதிப்பெண்ணில் நான் பெரிதாகக் கை வைப்பேன். சென்சார் நல்லதுதான், கெடுப்பது மென்பொருள். வினாடிக்கு ஒரு தடவை மட்டுமே அளவு எடுக்கிறது. இந்தக் குழாயில் ஸ்லக்குகள் வினாடிக்கு ஒன்று, சில சமயம் இரண்டு என்று வருகின்றன. ஸ்லக் வருகிற வேகத்திலேயே நாமும் அளவெடுத்தால் திரையில் வருவது கற்பனை அலை. மெதுவாக ஏறி இறங்குகிற ஒரு கோடு தெரியும், பார்ப்பவர் அதைப் படுக்கையின் குணம் என்று எழுதிக்கொண்டு போவார். அலைவரிசைப் பகுப்பாய்வு செய்ய ஒரு பொத்தான் வேறு வைத்திருக்கிறார்கள்! வினாடிக்கு 50 அளவாவது வேண்டும். சென்சாருக்குப் போகிற சன்னமான டியூப் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், அதுவும் துடிப்பை மழுங்கடிக்கிறது. நாங்கள் டியூபைக் குறுக்கி, சென்சாரின் மின் வெளியீட்டை நேரடியாக வேறொரு பதிவுக் கருவியில் கொடுத்தோம், அப்புறம்தான் ஒவ்வொரு ஸ்லக்கும் தனித்தனிப் பல்லாகத் தெரிந்தது. பிஸ்டன் கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் நடுவில் ஒரு காற்றுத் தொட்டியும் ரெகுலேட்டரும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரசரின் துடிப்பையும் ஸ்லக் என்று எண்ணிவிடுவீர்கள்.

இவ்வளவு திட்டினேன், ஆனாலும் இந்தச் செட்டப்பை நான் திருப்பி அனுப்பவில்லை. காரணம் பக்கத்தில் நிற்கிற தண்ணீர்க் குழாய்.

தண்ணீர் நிரம்பிய அந்த 2 மீட்டர் குழாயில் காற்றைக் கொஞ்சம் கூடுதலாக விட்டால் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் நீண்ட குமிழ்கள் ஏறும், டெய்லர் குமிழ் என்பார்கள். அசையாத தண்ணீரில் அது ஏறுகிற வேகம், முன்பு சொன்ன அதே வர்க்கமூலத்தில் 0.35 பங்கு. 1943-இல் டுமிட்ரெஸ்கு கணக்கிட்டார், 1950-இல் டேவிஸும் டெய்லரும் தனியாக ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்தார்கள். இந்தக் குழாய்க்கு அது வினாடிக்கு 24.5 செ.மீ. மணல் குழாயில் தனி ஸ்லக்குக்குச் சொன்ன எண்ணும் அதுதான்! தண்ணீரின் அடர்த்தி வேறு, மணல் படுக்கையின் அடர்த்தி வேறு, ஒன்று திரவம், இன்னொன்று காற்றில் மிதக்கிற பருக்கைகள். வாய்பாட்டில் அடர்த்தியும் இல்லை, குமிழின் நீளமும் இல்லை, ஈர்ப்பும் விட்டமும் மட்டும்தான். ஃப்ளூயிடைஸ் ஆன மணல் ஏறத்தாழப் பாகுநிலை இல்லாத திரவம் போல நடந்துகொள்கிறது என்று எவ்வளவு எழுதினாலும் புரியாதவர்களுக்கு, இரண்டு குழாயிலும் ஒரே நேரத்தில் ஒரு தனிக் குமிழை விட்டுக் காட்டினால் சட்டென்று புரிகிறது. ஒரே விட்டத்தில் இரண்டு குழாய், ஒரே சட்டத்தில், அருகருகே. வேறு விலை கூடிய கருவிகளில் இந்த வசதியை நான் பார்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, இரண்டும் இரண்டு தனித்தனிப் பயிற்சிகளாக, சம்பந்தமே இல்லாதது போல எழுதியிருக்கிறார்கள்.

தொடர்ந்து காற்று போகும்போது இரண்டும் கொஞ்சம் பிரிகின்றன. மணலில் ஸ்லக்கின் வேகம், கூடுதல் காற்று வேகமும் அந்த 24.5-ம் சேர்ந்தது. தண்ணீரில் நிக்லின் 1962-இல் காட்டியபடி கலவை வேகத்தை 1.2-ஆல் பெருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும், குழாயின் நடுவில் திரவம் வேகமாக ஓடுவதால் குமிழ் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. வினாடிக்கு 10 செ.மீ. காற்றுக்கு மணலில் 34.5, தண்ணீரில் 36.5. வித்தியாசம் சின்னது, வினாடிக்கு 240 சட்டம் எடுக்கிற கைபேசிக் கேமரா இருந்தால் 30 செ.மீ. தூரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சட்ட வித்தியாசம் வரும். ஒரே ஸ்லக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஒன்றுக்கொன்று வேகம் அதைவிடக் கூடுதலாகவே மாறும், நிறைய ஸ்லக்குகளின் சராசரி எடுங்கள்.

படுக்கைவாட்டுக் குழாய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3 மீட்டர் என்றால் விட்டத்தைப் போல 60 மடங்கு. படுக்கைவாட்டில் நன்றாக வளர்ந்த ஒரு திரவ ஸ்லக்கின் (இங்கே ஸ்லக் என்பது குமிழ் இல்லை, குழாயை அடைத்து ஓடுகிற தண்ணீர்த் திரள்) நீளமே விட்டத்தைப் போல 30 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது ஒன்றரை மீட்டர். பாதிக் குழாயை ஒரே ஸ்லக் விழுங்கிவிடும், வளர்ந்து நிலைப்பதற்கு இடமே இல்லை. தண்ணீர் கீழும் காற்று மேலுமாக ஓடுகிற அடுக்குப் பாய்வில் அலை எழும்பி, காற்றின் வேகத்தால் உறிஞ்சப்பட்டு, கூரையைத் தொட்டு ஸ்லக்காக மாறுகிற அந்தத் தொடக்கத்தை மட்டும் பார்க்கலாம், அது நன்றாகவே தெரிகிறது. 1976-இல் டைட்டல், டக்லர் கொடுத்த பாய்வு வரைபடத்தை (எந்த வேகத்தில் எந்த வகைப் பாய்வு வரும் என்று காட்டுவது) இதில் சரிபார்க்கலாம் என்று கையேடு சொல்கிறது. சரிபார்க்க வேண்டாம். நுழைவாயிலின் குணம் கடைசி வரை தொடர்கிறது, நீங்கள் அளப்பது நுழைவில் காற்றும் தண்ணீரும் சேர்கிற அந்த டீ இணைப்பைத்தான்.

எதிர்பார்க்காமல் நன்றாக அமைந்தது அந்த நெகிழ் ஹோஸ். தண்ணீர் வெளியேறுவதற்காக மட்டும் வைத்திருக்கிறார்கள். படுக்கைவாட்டுக் குழாயின் கால்களைத் திருகி இரண்டு டிகிரி இறக்கத்தில் வைத்து, ஹோஸை 2 மீட்டர் நேராக மேலே கட்டினால், கடலடி எண்ணெய்க் குழாய்களில் தலைவலி தருகிற கடும் ஸ்லக்கிங் இங்கேயே வருகிறது. அடி வளைவில் தண்ணீர் தேங்கிக் காற்றை அடைக்கும், ஹோஸ் மெதுவாக நிரம்பும், பின்னால் காற்றழுத்தம் ஏறும், 20 கிலோபாஸ்கலை எட்டினதும் காற்று வளைவைத் தாண்டி உள்ளே நுழையும், அவ்வளவுதான், மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் மேலே பீச்சிக்கொண்டு போகும். மிச்சம் இருப்பது திரும்ப வழிந்து இறங்கி மறுபடி அடைக்கும். இது வர ஒரு நிபந்தனை, பின்னால் போதுமான காற்றுக் கொள்ளளவு வேண்டும். கொள்ளளவு சின்னதாக இருந்தால் காற்றழுத்தம் தண்ணீர்த் தூணைவிட வேகமாக ஏறிவிடும், சுழற்சியே பிடிக்காது. செட்டப்பில் உள்ளபடி காற்றுக்கு இடம் போதாது. அழுத்தத்துக்கென்றே செய்த ஒரு காற்றுத் தொட்டியை ரோட்டாமீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் சேர்த்ததும் கடிகாரம் மாதிரி ஓட ஆரம்பித்தது. மேல் முனையில் ஒரு வால்வைப் போட்டு மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள், ஒரு கட்டத்தில் சுழற்சி நின்று சீரான பாய்வாக மாறும். எண்ணெய் மேடைகளில் மேல்முனை வால்வைக் குறுக்குவதும், ஸ்லக் கேட்ச்சர் என்ற பெரிய தொட்டி கட்டுவதும் எதற்காக என்று கேட்பவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். குறுக்கினால் உற்பத்தியும் குறைகிறதே என்ற கேள்வி அங்கேயே எழும், அது நல்ல கேள்வி.

சேவை பரவாயில்லை. கசிந்த கேஸ்கெட்டுக்கு மாற்று கேட்டதும் அனுப்பினார்கள், கேள்விகளுக்குப் பதில் வந்தது. அளவெடுக்கும் வேகத்தை மென்பொருளில் கூட்டித் தாருங்கள் என்று கேட்டதற்கு மட்டும், விளக்கக் கருவிக்கு இதுவே போதும் என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆர்டர் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்: மணல் குழாயை 1 மீட்டராகத் தருவார்களா, நுண்துளைத் தட்டு உண்டா, சென்சாரின் மின் வெளியீட்டை நேரடியாக எடுக்க ஒரு முனை இருக்கிறதா. மூன்றாவதற்கு இல்லை என்றால் அந்த மென்பொருளுக்கான தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள், பதிவுக் கருவியை வெளியில் வாங்கிக்கொள்ளலாம். படுக்கைவாட்டுக் குழாய்க்குக் கூடுதல் துண்டுகள் விற்கிறார்கள், ஆய்வகத்தில் நீளம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் குழாயை ஹோஸ் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.